அம்மாடி, நீ தங்கியிருக்கிற அந்த பில்டிங் பத்தி அப்பா எழுதுறது

அம்மாடி,

உன்கூட தங்கியிருந்தப்போ காலையில கேட்டியே, ஏன்பா கண்ணு செவந்திருக்குன்னு, பஸ்ல வந்த அலுப்புன்னு சொன்னேன்ல, அது பொய்மா. ரெண்டு நாளும் நான் தூங்கவே இல்ல. உன் கட்டில்லேர்ந்து தெரு வரைக்கும் எத்தன அடின்னு எண்ணிக்கிட்டு கிடந்தேன். இறங்க ஒரே ஒரு மரப்படி, படிக்கு அடியில பெயின்ட் டப்பா, அதுக்கு பக்கத்துலயே ராத்திரி பூரா சார்ஜ்ல நிக்கிற எலக்ட்ரிக் ஸ்கூட்டர், வாசல் கேட்ல பூட்டு, சாவி யாரோ ஒரு பையன் ரூம்ல ஆணியில தொங்குது.

காலி பண்ணிட்டு வந்துடுன்னு நான் சொல்லப்போறதில்ல. வேற எடத்து வாடகை உன்னால முடியாதுன்னு தெரியும். ஓனர் குடியிருக்க பர்மிட் வாங்கி, தீ பிடிச்சா மேலேர்ந்து தானா தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளர் போட்டு, ரெண்டாவது படி கட்டி முடிக்கணும், அது எப்ப நடக்குமோ தெரியாது, ஆனா நீங்க ஒன்பது பேரும் இன்னிக்கு ராத்திரியும் அங்கதான தூங்கப்போறீங்க.

அமெரிக்காவுல ஓக்லாண்ட்ல 2016 டிசம்பர் 2ஆம் தேதி ராத்திரி கோஸ்ட் ஷிப்னு கூப்பிடுற குடோன் எரிஞ்சு 36 பேர் செத்துப்போனாங்க. குடியிருக்க அனுமதியில்லாத எடம், உன்ன மாதிரி கலை, மியூசிக்னு இருக்கிற பசங்கதான் உள்ள தங்கியிருந்தாங்க. அன்னிக்கு நிகழ்ச்சிக்கு வந்தவங்க மாடியில மாட்டிக்கிட்டாங்க. ஸ்ப்ரிங்க்ளர் கிடையாது, ஒரு படி பழைய மரப்பலகைய அடிச்சு செஞ்சது. உயிர எடுத்தது புகைதான்மா. 2023 ஆகஸ்ட்ல தென்னாப்பிரிக்காவுல ஜோஹன்னஸ்பர்க்ல ஒரு பழைய கட்டடத்துல தீ பிடிச்சு 70 பேருக்கு மேல போனாங்க, அங்கயும் கேட் பூட்டியிருந்துச்சு.

தூங்கறப்ப மூக்கு வேல செய்யாதுமா. புகை வாசனை வந்தா முழிச்சுக்குவேன்னு நீ சொன்னியே, அத மட்டும் நம்பாத. அதனாலதான் புகை அலாரம் மொதல்ல. தூங்குற ரூம் ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு, வெளிய நடையில ஒண்ணு, கீழ்மாடியிலயும் வேணும், ஒண்ணு கத்தினா எல்லாமே கத்துற மாதிரி வயர்லெஸ்ல சேர்ந்தது. புகைஞ்சு புகைஞ்சு மெதுவா பிடிக்கிற தீய சீக்கிரம் கண்டுபிடிக்கிறது போட்டோஎலக்ட்ரிக் ரகம். சமையல் எடத்துல சூட்டுக்கு அடிக்கிற அலாரம் வைங்க, இல்லன்னா தாளிக்கிறப்பல்லாம் கத்தும், எவனாவது பேட்டரிய கழட்டி வெச்சுடுவான்.

அடுத்தது வழி. அந்த பூட்ட இன்னிக்கே எடுத்துடுங்க, உள்ளேர்ந்து சாவி இல்லாம கையால திருப்பி திறக்கிற தாழ்ப்பா போடுங்க. படிக்கடியில ஒரு டப்பா கூட இருக்கக்கூடாது. ஸ்கூட்டர் பேட்டரிய வழியில வெச்சு சார்ஜ் பண்ணவே கூடாது, அது வெடிச்சா இருக்கிற ஒரே வழியும் போச்சு. பின்பக்க ஜன்னல் கம்பிக்கு உள்ளேர்ந்து கழட்டுற மாதிரி கொக்கி வைக்கச் சொல்லு, கீழ இறங்க கொக்கி ஏணி ஒண்ணு வாங்கி அங்கயே வைங்க. இதெல்லாம் செஞ்சா அது வீடாயிடாது, தப்பிக்க கொஞ்ச நிமிஷம் கிடைக்கும், அவ்வளவுதான்.

வயரிங்க பாத்தப்போதான் எனக்கு வயிறு கலங்கிடுச்சு, முப்பது வருஷமா இதே வேல பாக்குறவன்ல. எக்ஸ்டென்ஷன்ல இன்னொரு எக்ஸ்டென்ஷன், அதுல ஹீட்டர், தொட்டுப் பாத்தா ப்ளக் சுடுது. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு எவனோ தடி கம்பிய சுத்தி வெச்சிருக்கான், ஃபியூஸ் போறதே வயர் எரியாம இருக்கத்தானேமா! ஹீட்டர நேரா சுவர் ப்ளக்ல போடு, துணி, மெத்தை எல்லாம் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். மத்தத லைசென்ஸ் இருக்கிற எலக்ட்ரீஷியன்தான் தொடணும். அப்புறம் அந்த மியூசிக் ரூம் சுவத்துல ஒட்டியிருக்கிற ஃபோம், அத தயவுசெஞ்சு பிச்சு எடுத்துடுங்க. 2003ல அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல ஒரு நைட் கிளப்ல இந்த மாதிரி ஃபோம்ல தீ பிடிச்சுத்தான் 100 பேர் போனாங்க. ரூமுக்கு திரைச்சீலைக்கு பதிலா கெட்டிக் கதவு போட முடிஞ்சா போடுங்க, ராத்திரி சாத்திட்டு தூங்குங்க, சாத்துன கதவு புகைய ரொம்ப நேரம் தடுக்கும்.

தீயணைப்பு சிலிண்டர் ஒவ்வொரு மாடியிலயும் வாசல் பக்கமா வைங்க, சின்ன தீக்கு மட்டும்தான் அது, மத்தபடி ஓடிடணும். வெளிய எங்க கூடணும், யாரு தலை எண்ணணும்னு இப்பவே பேசி வைங்க. ஒரு தடவ ராத்திரி லைட்ட அணைச்சுட்டு எல்லாரும் இறங்கிப் பாருங்க.

ஆபீசர் வந்து காலி பண்ணச் சொன்னா தெருவுல நிக்கணுமேன்னு நீங்க பயப்படுறது புரியுது. அதுக்காக தீ பிடிச்சா தீயணைப்புக்கு போன் பண்ண தயங்கிடாதீங்க, அத மட்டும் உன் கூட்டாளிங்ககிட்ட நான் சொன்னதா சொல்லு.

பன்னிரண்டு அலாரம் பார்சல் போட்டிருக்கேன், பேட்டரியோட. பின்னாடி தேதி போட்டிருக்கும், பத்து வருஷத்துல மாத்திடணும், மாசம் ஒரு தடவ பட்டன அமுக்கிப் பாக்கணும். மாட்டி முடிச்சதும் எனக்கு போன் போட்டு ஒண்ண அமுக்கு, எல்லாம் சேர்ந்து கத்துறத நான் கேக்கணும்.

அப்பா