புல் வெட்டுற மெஷின்ல பெட்ரோல் கசிஞ்சா

ஆசிரியர் சாருக்கு வணக்கம்ங்க.

போன வாரம் மழைக்கால தோட்டப் பராமரிப்பு பத்தி ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, ஆனா பெட்ரோல்ல ஓடுற புல் வெட்டுற மெஷினை பத்தி ஒரு வரி கூட இல்ல, அதான் எழுதறேன்.

கோவையில எங்க அபார்ட்மென்ட்ல அந்த மெஷின் படிக்கட்டுக்கு அடியில, ஈபி மீட்டர் போர்டுக்கு பக்கத்துலயே நிக்கும். ரெண்டு மாசம் முன்னாடி காலைல பால் வாங்க இறங்கினா பெட்ரோல் நாத்தம் குப்புன்னு அடிக்குது. பார்த்தா மெஷினுக்கு கீழ சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம்ங்க, மேல போகாது, தரையோட தரையா பரவும், பக்கத்துல ஒரு சின்ன பொறி போதும். லைட் சுவிட்சை கூட தொடாம நானும் எங்க தோட்டக்கார அண்ணனும் அதை மெதுவா வெளிய தள்ளிட்டு வந்து பெட்ரோல் டேப்பை மூடினோம்.

கடையில போன் பண்ணி கேட்டா, பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்புரேட்டரையே மாத்திடுங்கன்னாங்க. நான் 26 வருஷம் பம்ப் கம்பெனியில வேலை பார்த்தவன், எங்க கசியுதுன்னு பார்க்காம பார்ட்டை மாத்த மனசு வரல. மெஷினை நல்லா தொடச்சு காய விட்டு, அடியில பழைய நியூஸ்பேப்பரை விரிச்சு, டேப்பை திறந்து சும்மா உக்காந்து பார்த்தோம். டியூப் முனையில ஈரம் இல்ல, கார்புரேட்டர் கிண்ணத்தோட ஜாயின்ட்லயும் இல்ல, ஏர் ஃபில்டர் பக்கமா தான் சொட்டுச்சு. அப்படின்னா கிண்ணம் ரொம்பினதும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய ஊசி சரியா உக்காரலன்னு அர்த்தம். கழட்டிப் பார்த்தா மாசக்கணக்கா டேங்க்ல கிடந்த பெட்ரோல் பிசினாகி ஊசி முனையில பழுப்பா ஒட்டியிருக்கு. கிண்ணத்துல மிதந்து ஊசியை மேல தள்ளுற மிதவையை காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பார்த்தேன், உள்ள பெட்ரோல் தளும்புற சத்தம் இல்ல, ஓட்டை கிடையாது. ஊசியும், கிண்ணத்து ஜாயின்ட்ல கசியாம அடைக்கிற கேஸ்கெட்டும் மட்டும் மாத்தினேன், நின்னுடுச்சு.

இதோட விட்ருக்கலாம், ஆனா ஆயில் குச்சியை எடுத்து மோந்து பார்த்தேன் பாருங்க, அளவும் ஏறியிருக்கு, பெட்ரோல் வாசமும் அடிக்குது. வழிஞ்ச பெட்ரோல் சிலிண்டர் வழியா ஆயில்லயே இறங்கிடுச்சு, அப்படியே ஸ்டார்ட் பண்ணியிருந்தா ஆயில் நீர்த்துப் போய் இன்ஜினே தேஞ்சிருக்கும், ஆயிலையும் மாத்தினேன்.

அப்புறம் அண்ணன்கிட்ட விசாரிச்சா, பிளேடுல ஒட்டின புல்லை சுத்தம் பண்ண மெஷினை கார்புரேட்டர் கீழ இருக்கற மாதிரி சாய்ப்பாராம், டேங்க்ல பெட்ரோலோட. கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேல இருக்கற மாதிரி தான் சாய்க்கணும்னு கையேட்டுல படத்தோட போட்டிருக்கு. பெட்ரோல்ல 10 சதவீதம் எத்தனால் வரைக்கும் தான்னும் அதுலயே இருக்கு, ஆனா இப்ப பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் கலந்தது, பழைய ரப்பர் டியூபும் கேஸ்கெட்டும் உப்பிப் போகும், விரிசல் விடும். இதெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு சார். தினமும் மெஷினை தொடறது அண்ணன், அவருக்கு தமிழ் தான் படிக்க வரும், உங்க பேப்பரை எழுத்து விடாம படிப்பார், கையேட்டை மட்டும் ஆபீஸ் பீரோவுல வெச்சு பூட்டியிருந்தோம், அது எங்க தப்பு.

ஒரு மெஷினை தமிழ்நாட்டுல விக்கிறவங்க எப்படி சாய்க்கணும், எப்ப டேங்கை காலி பண்ணணும், கசிஞ்சா முதல்ல எதை மூடணும்னு ஒரு பக்கமாவது தமிழ்ல அச்சடிச்சு குடுக்கணும், நீங்க இதை பத்தி எழுதினா கடைக்காரங்க காதுல விழும். எங்க மெஷின் மேல நானே மார்க்கர்ல எழுதி ஒட்டிட்டேன். இப்ப ஒரு மாசத்துக்கு மேல வேலை இல்லன்னா அண்ணன் டேங்கை வடிச்சு, மிச்சம் தீர்ற வரைக்கும் வெளிய வெச்சு ஓட விட்டு, அப்புறம் தான் உள்ள கொண்டு வர்றார், அதுவும் மீட்டர் போர்டு பக்கம் இல்ல, காம்பவுண்ட் ஓரமா தகர ஷெட்டுல.

இப்படிக்கு
ஒரு வாசகர், கோவை