நிம்மதியாம், உறக்கமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீத்தொண்டு வாரத்துக்காக நீங்கள் போட்டிருந்த பக்கத்தைப் பார்த்தேன். படங்கள் நன்றாகத்தான் இருந்தன. கடைசிப் படத்தில் ஒரு தீயணைப்பு நிலையத்தின் ஓய்வறை. வரிசையாகக் கட்டில்கள், நான்கைந்து பேர் படுத்திருக்கிறார்கள். கீழே ஒரு வரி: ‘மணி அடிக்கும் வரை நிம்மதியான உறக்கம்.’ எழுதியவர் யாரோ, அவர் தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறவர் என்பது மட்டும் தெரிகிறது. நன்றாக இருக்கட்டும்.

என் வீட்டுக்காரர் தீயணைப்போராகச் சேர்ந்து 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “மூணாவது கட்டில்ல இருக்கிறவன் தூங்கல. சும்மா கண்ண மூடினு படுத்திருக்கான். கால் விரலைப் பாரு” என்றார். பார்த்தேன். விரல்கள் விறைத்துக்கொண்டுதான் இருந்தன.

இவர் காலத்தில் 24 மணி நேரம் டூட்டி, 24 மணி நேரம் வீடு. இதைக் கேட்டாலே “ஒரு நாள் விட்டு ஒரு நாள் லீவா? கொடுத்து வைத்தவங்க” என்பார்கள். மளிகைக் கடைக்காரர் சொன்னார், போகட்டும். என் கூடப் பிறந்த அண்ணனே ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்கச் சொன்னார். அந்த 24 மணி நேரமும் இவர் சோபாவில் உட்கார்ந்தபடியே தலை தொங்கிப் போவதை யார் பார்த்தது?

நிலையத்துக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸில் 14 வருடம் குடியிருந்தோம். அதனால் அந்த மணியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தகர டின்னுக்குள் நம் தலையை விட்டு, வெளியே ஒருத்தன் கரண்டியால் தட்டினால் எப்படி இருக்கும்? அதுதான். ராத்திரி 2 மணிக்கு அது அடித்தால் எங்கள் வீட்டுத் தொட்டில் குழந்தையே தூக்கிப் போடும். தலைக்கு மேலேயே மணியை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். பூட்ஸுக்குள் கால் போகும்போது பாதிக் கண் மூடித்தான் இருக்கும் என்பார் இவர்.

குடிசைகள் எரிந்தாலும் அந்த மணிதான். யார் வீட்டு பாத்ரூமிலோ சாரைப்பாம்பு என்றாலும் அதே மணிதான். சும்மா போன் போட்டு விளையாடுகிறவனுக்கும் அதுவே. போவது ஒரு வண்டி, எழுந்து உட்காருவது மொத்த நிலையமும். போனவர்கள் 4 மணிக்குத் திரும்பி, டேங்கில் தண்ணீர் நிரப்பி, சேறான ஓஸ் குழாயைக் கழுவிக் காயப்போட்டு, பதிவேட்டில் எழுதி முடிக்கும்போது பால் பாக்கெட் போடுகிற பையன் வந்துவிடுவான். அதுவரை குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டு லைட்டும் அணையாது.

இவருக்கு 41 வயதில் பிரஷர் வந்தது. மருத்துவமனையில் ஊறுகாயைக் கேட்டார்கள், கருவாட்டைக் கேட்டார்கள், பரம்பரையைக் கேட்டார்கள். மணியை ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் ஊறுகாய் ஜாடியைத்தான் பரண்மேல் தூக்கி வைத்தேன்.

என் மகள் நர்ஸ். அவள்தான் பிற்பாடு விளக்கினாள். ஆழ்ந்த தூக்கத்தில் திடீர் சத்தம் கேட்டால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று ஏறிவிடுமாம். மூளை முழுசாகத் தெளிவதற்குக் கால் மணி, சில சமயம் அரை மணிகூட ஆகுமாம். அந்தக் கால் மணிக்குள்தான் ஓட்டுநர் பேசின் பாலத்தில் வண்டியை விரட்டிக்கொண்டிருப்பார். அமெரிக்காவில் பணியில் சாகிற தீயணைப்பு வீரர்களில் 100க்கு 45 பேர் இதய நோயில்தான் போகிறார்கள் என்று 2007லேயே ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. தீயணைப்புத் தொழில் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று 2022ல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சொல்லியாயிற்று. பத்திரிகை நடத்துகிற உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

தெரிந்த விஷயங்களையும் நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். 2012 பொங்கல் ராத்திரி சேப்பாக்கத்தில் அரசு அலுவலகங்கள் இருக்கிற எழிலகத்தில் பழைய கலச மகால் கட்டடம் எரிந்தபோது நிலைய அதிகாரி ஒருவர் உயிரை விட்டார், பெண் அதிகாரி ஒருவர் தீக்காயங்களோடு பிழைத்தார். அன்றைக்கு ‘வீரம்’ என்று பெரிய எழுத்தில் போட்டீர்கள். 2017 மே 31, விடிவதற்கு முன்னால் தி.நகர் உஸ்மான் சாலை ஜவுளிக்கடை பற்றிக்கொண்டது. மறுநாளும் எரிந்தது. அப்போது ‘திணறல்’ என்று எழுதினீர்கள். அங்கே நின்ற இவர் புகையில் கரகரத்துப்போன தொண்டையோடு வீட்டுக்கு வந்து அதைப் படித்தார். ஒன்றும் பேசாமல் பேப்பரை மடித்து வைத்தார். எனக்குத்தான் ஆறவில்லை, இன்னும்.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் காலிங் பெல்லைக் கழற்றிவிட்டோம், வருகிறவர்கள் கதவைத் தட்டுவார்கள். குக்கர் விசில் போட்டால் சொல்லிவிட்டுத்தான் போடுவேன். ஆனாலும் ராத்திரி படுக்கும்போது செருப்பு இரண்டையும் கட்டிலுக்குக் கீழே வாசல் பார்த்து வைத்துவிட்டுத்தான் படுக்கிறார். 2 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஹாலில் நடக்கிறார்.

மணியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நெருப்பு காத்திருக்காது. வெளிநாட்டில் சில நிலையங்களில் ஒலி மெதுவாகத் தொடங்கிச் சில விநாடிகளில் ஏறுகிற மாதிரி வைத்திருக்கிறார்களாம். கண் கூசாத சிவப்பு விளக்கு எரியுமாம். எந்த வண்டி போக வேண்டுமோ அதற்குரிய ஆட்களை மட்டும் எழுப்புமாம். இதைப் பற்றி ஒரு கட்டுரை போடுங்கள். அதற்கு இடம் இல்லை என்றால், ‘நிம்மதியான’ என்ற அந்த ஒரு வார்த்தைக்காவது திருத்தம் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இரண்டு வரி போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீயணைப்போரின் மனைவி,
பெரம்பூர், சென்னை