சாய்ஸ் பட்டியலைப் பிள்ளைகளே நிரப்பட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க எந்தக் கல்லூரி நல்லது என்று விவரமாக எழுதியிருந்தீர்கள். பயனுள்ள கட்டுரை. ஆனால் எங்கள் குமரி மாவட்டத்தின் மலையோரப் பிள்ளைகள் அதற்கு ஒரு படி முன்னாலேயே சறுக்கிவிடுகிறார்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு வேண்டும் என்று விருப்ப வரிசையில் போடுகிற சாய்ஸ் பட்டியலை அவர்கள் நிரப்புவதே இல்லை. வேறு யாரோ நிரப்புகிறார்கள்.

குலசேகரம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் 27 ஆண்டு கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். போன வருஷம் என் பழைய மாணவி ஒருத்தி, இடம் கிடைத்த ஆர்டரோடு வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. மழை பிடித்துக்கொண்டால் வெட்டு நடக்காது, கையில் காசு இருக்காது. கலந்தாய்வு வருவதும் அந்த மாதங்களில்தான். பிளஸ் டூவில் அவளுக்குக் கணக்கு 84, இயற்பியல் 80, வேதியியல் 78. கணக்கை முழுசாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் கூட்டினால் கட்ஆஃப் 200-க்கு 163. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்ததால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு.

"பட்டியல்ல என்னென்ன போட்ட மக்களே?" என்று கேட்டேன்.

"தெரியாது டீச்சர். ஒரு அண்ணன் வந்து போட்டுத் தந்தார்."

அந்த அண்ணன் ஒரு தனியார் கல்லூரி அனுப்பிய ஆள். பஸ் இலவசம், லேப்டாப் இலவசம், சீட் உறுதி என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் வாங்கிக்கொண்டார். போனுக்கு வந்த ஓடிபியை அப்பாவே வாசித்துக் கொடுத்திருக்கிறார். நான் அவளுடைய பக்கத்தை என் போனில் திறந்து பார்த்தேன். மூன்றே வரி. மூன்றிலும் ஒரே கல்லூரி எண், பிரிவு மட்டும் வேறு. 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கிற கலந்தாய்வில், எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்கிற பட்டியலில், மூன்று வரி.

நாகர்கோவில் பக்கம் கோணம் என்ற ஊரில், அண்ணா பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலியில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அவளுடைய மதிப்பெண்ணுக்கு அங்கே கட்டாயம் கிடைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னால் தாங்க முடியாதது அதுதான்.

7.5 சதவீதத்தில் சேரும் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு கொடுக்கிறது. கல்லூரிக்கு அந்தப் பணம் உறுதி. இவர்களைத் தேடிப் பிடித்து ஆள் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதே சலுகை அரசுக் கல்லூரியிலும் உண்டு, பெயர் பெற்ற கல்லூரியிலும் உண்டு என்பதைத் திண்ணையில் உட்கார்ந்தவர் சொல்ல மாட்டார் அல்லவா?

2011-இல் என் மகளைக் கலந்தாய்வுக்குச் சென்னைக்கு அழைத்துப்போனேன். நாகர்கோவிலில் ரயில் ஏறி, விடிந்ததும் கிண்டி. எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அலைச்சல்தான், செலவுதான். ஆனால் உள்ளே போய் இதுதான் வேண்டும் என்று சொன்னது அவள் வாய். 2018 முதல் எல்லாம் ஆன்லைனுக்கு வந்தது. வீட்டிலிருந்தே முடிக்கலாம் என்பது பெரிய வசதி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர்களில் அது வீட்டில் நடப்பதில்லை. முக்கில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் வரிசையில் நின்று, பின்னால் இருப்பவர் அவசரப்படுத்த, பத்து நிமிஷத்தில் நடக்கிறது. இல்லாவிட்டால் இப்படித் திண்ணையில்.

பட்டியலை எந்த வரிசையில் போடுவது என்பதிலும் பெரிய குழப்பம். "கிடைக்கிறதை முதல்ல போடு, இல்லன்னா ஒண்ணும் கிடைக்காது" என்று சென்டர்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இது முழுத் தவறு. தரவரிசையில் உங்கள் முறை வரும்போது கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து வரும். முதல் வரியில் இடம் காலி இல்லையா, இரண்டாவது. அதுவும் இல்லையா, மூன்றாவது. காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஆசைப்பட்ட கல்லூரியை மேலே போடுவதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. கிடைப்பதை மேலே போட்டால், அதற்குக் கீழே எவ்வளவு நல்லது எழுதியிருந்தாலும் கம்ப்யூட்டர் அதுவரை வரவே வராது. போன ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்ஆஃபில் முடிந்தது என்பது கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் மேலே, தன் அளவில், கொஞ்சம் கீழே என்று நாற்பது ஐம்பது வரியாவது எழுத வேண்டும்.

பிரிவின் பெயர் பற்றியும் தினம் ஒரு பெற்றோர் கேட்கிறார். பி.டெக். என்றால் பி.இ.-யை விட உசத்தியா? இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ., ஐ.டி. பி.டெக்., அவ்வளவுதான். ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் எடுத்தால்தான் வேலையா? டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் என்ற அடித்தளம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதற்கு மேல்தான் பாடங்கள் பிரிகின்றன. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை செய்யும் என் பழைய மாணவர்கள் வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போது கேட்டிருக்கிறேன். இன்டர்வியூவில் தங்களைக் குடைந்தது அந்த அடிப்படைப் பாடங்களில்தான் என்கிறார்கள். அப்புறம், பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்காதவர்கள் சேர முடியாது என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. பயாலஜி குரூப்பில் கணக்கும் படித்தவர்கள் தாராளமாகச் சேரலாம். கணக்கு, இயற்பியல், வேதியியல் இருந்தால் போதும்.

எனக்குத் தெரிந்து பார்க்க வேண்டியது, பிள்ளைக்குக் கணக்கு பிடிக்கிறதா என்பது. மதிப்பெண்ணைச் சொல்லவில்லை. அந்த மாணவியையே சொல்கிறேன். பிளஸ் ஒன்னில் சேர்மானங்கள் நடத்தும்போது, ஐந்து பேர் ஒருவரோடு ஒருவர் கை குலுக்கினால் மொத்தம் எத்தனை கை குலுக்கல் என்று கேட்டேன். எல்லோரும் சூத்திரத்தில் போட்டுப் பத்து என்றார்கள். இவள் ஐந்து புள்ளி வைத்துக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்துவிட்டு எழுந்து, "ஆறு பேர்னா திரும்ப எண்ண வேண்டாம் டீச்சர். பழைய பத்து அப்படியே இருக்கும், புதுசா வந்தவர் அஞ்சு பேருக்குக் கை குடுப்பார், பதினஞ்சு" என்றாள். தெரிந்த சின்ன விடையிலிருந்து அடுத்த விடையைக் கட்டி எழுப்புவது. புரோகிராம் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் அவளுக்கான படிப்பு என்று அன்றைக்கே தோன்றியது. ஓய்வு பெற்ற பிறகும் அவள் வீட்டுக்கு ஒரு தடவை போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

படிப்பு சரியாக அமைந்துவிட்டது, கல்லூரிதான் அமையவில்லை. முதல் வருஷத்திலேயே ஒரு பாடத்துக்கு மூன்று ஆசிரியர்கள் மாறிவிட்டார்களாம். 2024-25 முதல், நன்றாக நடக்கும் கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. வரம்பை எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவில் வகுப்புகள் கூடியிருக்கின்றன. ஆசிரியர்களும் அதற்கேற்பக் கூடியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு கல்லூரியிலும் நேரில் போய்க் கேட்க வேண்டும். வேலை நாளில் போங்கள். லேபில் எத்தனை சிஸ்டம் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கேன்டீனில் பார்த்துப் பேசுங்கள். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் எடுப்பதால் அவற்றை இதோடு ஒப்பிட முடியாது. படிப்பின் தரத்தைப் பார்த்துத் தரும் என்.பி.ஏ. அங்கீகாரம் உண்டு என்று போர்டில் போட்டிருந்தால், அது கம்ப்யூட்டர் பிரிவுக்கு உண்டா என்று கேளுங்கள். அது பிரிவு வாரியாகத் தருவது. நல்ல பொறியியல் கல்லூரி அமையவில்லை என்றால் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பி.சி.ஏ. மூன்று வருஷம், எம்.சி.ஏ. இரண்டு வருஷம் என்று போவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

என் கோரிக்கை சின்னது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. சாய்ஸ் நிரப்பும் நாட்களில் அதைக் காலை முதல் மாலை வரை திறந்து வைக்க முதன்மைக் கல்வி அலுவலர் உத்தரவிட வேண்டும். கணக்கு ஆசிரியர் ஒருவர் கூட இருந்தால் போதும். கலந்தாய்வு உதவி மையங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பேச்சிப்பாறைக்கு மேலிருந்து பஸ் மாறி மாறி வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். உங்கள் இதழும் அந்த வாரத்தில் பட்டியல் நிரப்பும் முறையை ஒரு பக்கம் போட்டால் உதவியாக இருக்கும். எங்கள் ஊர்ப் பள்ளியில் லேபைத் திறந்தால், அத்தனை நாளும் வந்து உட்கார நான் தயார்.

அந்த மாணவியின் தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ. ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு வருவார்கள். கல்லூரி எண், பிரிவு, போன வருஷக் கட்ஆஃப், நேரில் போய்ப் பார்த்தாயிற்றா என்று நான்கு கட்டம். போன வாரம்வரை பதினேழு வரி ஆகியிருக்கிறது. எழுதுவது தம்பி, பக்கத்தில் உட்கார்ந்து சரி பார்ப்பது அக்கா.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்