சோளகக் காற்று எழும்புமுன் அளந்த பாலை மரம்

நெடுங்கேணி,
ஆனி மாதம்.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது பெரிய ஆறுதல். இங்கே பாலைப்பழம் உதிரத் தொடங்கிவிட்டது. காட்டோரம் போனாலே வாசம்.

காட்டுக்குள் என்ன வேலை என்று கேட்டிருந்தாய். மரங்களை லேசரால் அளக்கிறோம். முன்பெல்லாம் நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளந்து, சூத்திரத்தில் போட்டு மரத்தின் எடையைக் கணிப்போம். அந்தச் சூத்திரங்களே எங்கோ மரங்களை வெட்டி, துண்டு துண்டாக நிறுத்துப் பெற்றவை. இப்போது ஒரு மரமும் விழவேண்டியதில்லை. முக்காலியில் பூட்டிய கருவி சுழன்று, ஒளித்துடிப்புகளை எல்லாத் திசைக்கும் அனுப்புகிறது. பத்து மீற்றர் தள்ளி நிற்கும் முதிரை மரத்தைத் தொட்டுத் திரும்ப ஒளிக்கு ஏறத்தாழ 67 நானோ செக்கன்தான். அந்த நேரத்திலிருந்து தூரம் வருகிறது. கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து, கணினியில் காடே எழுந்து நிற்கிறது.

ஆனால் நம் காடு இலேசில் பிடிகொடுக்காது. வீரை மரமும் பற்றையும் அடர்ந்த இடத்தில் ஒளி முதல் இலையிலேயே நின்றுவிடும். பின்னால் நிற்கும் மரம் வெறும் இருட்டாகத்தான் பதிகிறது. அதனால் ஒரே துண்டு நிலத்தைப் பல இடங்களில் நின்று எடுத்துப் பொருத்துகிறோம். அதற்குள் சோளகம் எழும்பினால் கிளைகள் ஆடி, ஒரு கிளை இரண்டாகத் தெரியும். ஆகவே விடியற்காலையிலேயே போய்விடுகிறோம். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த பகுதிக்கு வெளியே ஓர் அடியும் வைப்பதில்லை.

என் மனதை அரிப்பது வேறொன்று. லேசருக்குப் பட்டைதான் தெரியும், பொந்து தெரியாது. முதிய பாலைகளில் எத்தனை உள்ளே கோறையாகிக் கிடக்கின்றன! கன அளவை மர அடர்த்தியால் பெருக்கினால், இல்லாத மரத்துக்கும் எடை வந்துவிடும். எங்களோடு வரும் தேன் எடுக்கும் பெரியவர் கோடரிப் பிடியால் தட்டிக் காது கொடுத்து, "இது வெறும் கூடு, தம்பி" என்கிறார். அவர் சொல்வதை மரத்தின் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன்.

குளக்கட்டில் நாம் ஊஞ்சல் கட்டிய பாலையையும் அளந்துவிட்டேன். அதன் கணினிக் கோப்பு ஒன்றை அனுப்புகிறேன், திரையில் சுழற்றிப் பார். ஊஞ்சல் கட்டிய கிளையைத் தேடாதே. அது போன மாரியில் முறிந்துவிட்டது. அந்த இடத்தில் புதிதாக இரண்டு கொப்புகள் வெடித்திருக்கின்றன.

அன்புடன்,
உன் மச்சான்