மற்ற பாதி எங்கே?

ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வாரம் நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, நடுவில் குழந்தையைக் காட்டச் சொல்லி அம்மா போனைப் பிடுங்க, பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. பண விஷயத்தை எழுதிச் சொல்வதுதான் எனக்குச் சரிப்படும். நீ பங்கு வாங்க நினைத்து அனுப்பிய சின்னத் தங்கச் சுரங்கக் கம்பெனியின் அறிக்கையை ஜெராக்ஸ் கடைப் பையன் அச்செடுத்துக் கொடுத்தான். மூன்று நாள் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன்.

"இருபத்தேழு வருஷம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்திருக்கீங்கப்பா, வாங்கலாமா வேண்டாமான்னு ஒரே வார்த்தையில் சொல்லுங்க" என்றாய். ஒரே வார்த்தை என்றால், வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது ஆடிக் காற்றில் சைனைட் மேட்டுப் புழுதி (தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்) வீட்டுக்குள் வந்து, காயப்போட்ட துணியெல்லாம் வெளுத்துக் கிடக்கும். அந்த மேட்டைக் காட்டி, "அதுல தங்கம் இருக்காப்பா?" என்று கேட்டாய். இருக்கிறது என்றேன். "அப்ப ஏன் யாரும் எடுக்கல?" என்றாய். ஒரு டன் மண்ணில் ஒரு கிராம்கூடத் தேறாது, எடுக்கிற செலவு தங்கத்தின் விலையைவிட அதிகம் என்று சொன்னேன். நீ அன்றைக்குக் கேட்டதும் இன்றைக்குக் கேட்பதும் ஒரே கேள்விதான் கண்ணு. பூமிக்குள் தங்கம் இருப்பது வேறு, அதை லாபத்தோடு வெளியே கொண்டுவருவது வேறு.

நம் ஊர்க் கதையே அதற்குச் சாட்சி. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, முதல் காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கொடுத்த பாறை இது. உன் கொள்ளுத் தாத்தா குடியாத்தத்திலிருந்து பிழைக்க வந்தது அந்தப் பேரைக் கேட்டுத்தான். 120 வருஷத்தில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்தார்கள். ஆனால் சுரங்கம் என்பது எடுக்க எடுக்கக் குறைகிற சொத்து. என் காலத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயாகிவிட்டது. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும், வெப்பம் 60 டிகிரிக்கு மேல். காற்றைக் குளிர்வித்து அனுப்ப வேண்டும், தண்ணீரை இறைக்க வேண்டும், பாறை வெடித்துச் சரியாமல் முட்டுக் கொடுக்க வேண்டும். கடைசியில் டன்னுக்கு மூன்று, நாலு கிராம்தான் வந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். அந்த மாதம் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் சுமார் 260 டாலர். பத்தே வருஷத்தில், 2011-இல், அதே அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்டது. அதற்குள் கீழ் லெவல்களெல்லாம் தண்ணீரில் மூழ்கிவிட்டன. தங்கம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இப்போது உன் அறிக்கைக்கு வருகிறேன். அதில் பெரிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறார்கள்? தங்கம் தேடிப் பாறையில் போட்ட ஒரு துளையில் 50 மீட்டர் நீளத்துக்குச் சராசரியாக டன்னுக்கு 5 கிராம். பார்த்ததும் எனக்கே கண் விரிந்தது. கீழே சின்ன எழுத்தில், இதில் 1 மீட்டரில் மட்டும் டன்னுக்கு 240 கிராம் என்று இருக்கிறது. நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன், நீயும் போட்டுப் பார். 50 மீட்டரை 5 கிராமால் பெருக்கினால் 250. அதில் அந்த ஒரே மீட்டர் 240-ஐ எடுத்துக்கொள்கிறது. பாக்கி 49 மீட்டருக்கு மிஞ்சுவது வெறும் 10. அதாவது டன்னுக்குக் கால் கிராம்கூட இல்லை. ஒரு ஸ்பூன் நெய்யை ஒரு அண்டாச் சோற்றில் தடவி, நெய்ச் சோறு என்று பரிமாறியிருக்கிறார்கள். துளை சாய்வாகப் போயிருந்தால் அந்த 50 மீட்டரும் பாறையின் உண்மையான அகலம் கிடையாது. அதைப் பற்றி ஒரு வரிதான், "உண்மை அகலம் இன்னும் தெரியவில்லை" என்று.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாறையில் எவ்வளவு தங்கம் என்று சோதிக்கிற அசே ஆபீஸில் நான் சேர்ந்த புதிது. எங்கள் வேலை உனக்குத் தெரியும்: பாறைத் துண்டை மாவாக அரைத்து, ஈயச் சத்தும் வெண்காரமும் சேர்த்து மூசையில் உருக்கி, கிடைக்கிற ஈய உருண்டையை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சூளைக்குள் தள்ள வேண்டும். ஈயம் போய் ஒரு சின்ன மணி மிஞ்சும். அமிலத்தில் போட்டு வெள்ளியைக் கரைத்துவிட்டு, மிஞ்சிய தங்கத்தை நிறுக்க வேண்டும். ஒருநாள் சாதாரணச் சாம்பிள் ஒன்றில் மணி பெரிதாக வந்துவிட்டது. சந்தோஷமாக எங்கள் ஆபீஸ் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மணியைப் பார்க்கவே இல்லை. "இதுக்கு முன்னாடி மெஷின்ல எதைப் போட்டு அரைச்சே?" என்று கேட்டார். முந்தின சாம்பிள் ரொம்பப் பணக்காரப் பாறை, நான் மெஷினைச் சரியாகத் துடைக்கவில்லை. தங்கமே இல்லாத வெள்ளைக் கல்லை அரைத்துச் சோதிக்கச் சொன்னார். அதிலும் தங்கம் வந்தது! அன்றிலிருந்து நல்ல ரிசல்ட் வந்தால்தான் எனக்குப் பயம்.

கவனக்குறைவே இவ்வளவு செய்யும் என்றால், வேண்டுமென்றே செய்தால் என்ன ஆகும்? நீ இருக்கிற கனடாவில் நடந்ததுதான். பிரி-எக்ஸ் என்று கல்கரியில் ஒரு கம்பெனி. போர்னியோ காட்டில் புசாங் என்ற இடத்தில் உலகத்திலேயே பெரிய தங்கப் படிவம் கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். சில சென்ட்டுக்கு விற்ற பங்கு ஏறி ஏறி, கம்பெனியின் மதிப்பு 600 கோடி கனடா டாலரைத் தாண்டியது. ஒன்டாரியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதிகூட வாங்கியிருந்தது. 1997-இல் ஃப்ரீபோர்ட் என்ற பெரிய கம்பெனி கூட்டு சேருமுன் அதே துளைகளுக்குப் பக்கத்தில் சொந்தமாகத் துளை போட்டுப் பார்த்தது. ஒன்றுமில்லை. மார்ச் மாதம் அங்கிருந்த புவியியலாளர் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மே மாதம் ஸ்ட்ராத்கோனா என்ற ஆய்வு நிறுவனம், பாறை மாவில் வெளியிலிருந்து தங்கத் துகள் கலக்கப்பட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது. பங்கு காகிதமானது.

எங்கே கோட்டை விட்டார்கள்? துளையிட்டு எடுக்கிற பாறை உருளையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறு பாதியைப் பெட்டியில் போட்டு வைப்பதுதான் உலக வழக்கம். சந்தேகம் வந்தால் யாரும் எடுத்துப் பார்க்கலாம். பிரி-எக்ஸில் பெரும்பாலும் முழு உருளையையும் அரைத்துவிட்டார்கள். எங்கள் பெரியவர் அங்கே இருந்திருந்தால் முதல் நாளே, "மீதிப் பாதி எங்கே?" என்று கேட்டிருப்பார். எத்தனையோ படித்தவர்கள் அதைக் கேட்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் கனடாவில் என்.ஐ. 43-101 என்ற விதி 2001-இல் வந்தது. அந்த விதிப்படி எழுதுகிற அறிக்கையில் 11-ஆம் பகுதி சாம்பிள் எடுத்த விதம், சோதனை, காவல் பற்றியது. எல்லோரும் 14-ஆம் பகுதிக்கு ஓடுவார்கள், அங்கேதான் எத்தனை லட்சம் அவுன்ஸ் என்று இருக்கும். நீ 11-லிருந்து தொடங்கு. அப்புறம் 14-க்குப் போனால், "இன்ஃபெர்டு" என்று எழுதியிருக்கிறதா, "மெஷர்டு" என்று எழுதியிருக்கிறதா என்று பார். மெஷர்டு என்றால் நெருக்கமாகத் துளை போட்டு உறுதிசெய்தது. இன்ஃபெர்டு என்றால் ஊகம். தூரம் தூரமாக நாலு துளை போட்டு, நடுவிலும் இருக்கும் என்று நினைத்துக்கொள்வது. உன் கம்பெனியிடம் இருப்பது முழுக்க அந்த வகைதான். ரெட் லேக் பக்கம் ரூபிகான் என்ற கம்பெனி ஊகத்தை நம்பிச் சுரங்கமே கட்டிவிட்டது. 2016 தொடக்கத்தில் மறுபடி அளந்தபோது பழைய மதிப்பீடு 80 சதவீதத்துக்கும் மேல் சுருங்கிப்போனது.

"தங்கம் ஏறினால் சுரங்கப் பங்கு அதைவிட வேகமாக ஏறும்" என்று மாப்பிள்ளை சொன்னார். உண்மைதான். ஒரு அவுன்ஸ் எடுக்க 1,500 டாலர் செலவு, விலை 2,000 என்றால் லாபம் 500. விலை 2,500 ஆனால் லாபம் இரட்டிப்பு. ஆனால் விலை 1,600-க்கு இறங்கினால் லாபம் 100. தங்கம் ஐந்தில் ஒரு பங்கு விழ, லாபம் ஐந்தில் நாலு பங்கு போய்விடும். இது நடந்தும் இருக்கிறது. 2011-இல் 1,900 டாலராக இருந்த தங்கம் 2015 டிசம்பரில் 1,050 பக்கம் வந்தது. பெரிய சுரங்கப் பங்குகளின் தொகுப்பு அதே காலத்தில் சுமார் 80 சதவீதம் விழுந்தது. விலை ஏறின நாட்களில் அவர்கள் போட்ட ஆட்டமும் ஒரு காரணம். பாரிக் கம்பெனி ஆண்டீஸ் மலை உச்சியில் பாஸ்குவா-லாமா சுரங்கத்துக்கு முதலில் 300 கோடி டாலர் ஆகும் என்றது. கணக்கு 850 கோடி வரை ஏறி, தண்ணீர்ப் பிரச்சினையில் நீதிமன்றமும் குறுக்கிட, 2013-இல் நிறுத்தினார்கள். ஒரு கிராம் தங்கம் வரவில்லை.

2025 அக்டோபரில் தங்கம் 4,000 டாலரைத் தாண்டியபோது நம் தெரு முழுக்க அதே பேச்சுதான். எனக்கு அப்போது 2011 ஞாபகம் வந்தது.

செலவுக் கணக்கில் ஒரு நுணுக்கம். "ஆல்-இன் சஸ்டெய்னிங் காஸ்ட்" என்று போடுகிறார்களே, அதாவது சுரங்கத்தைத் தொடர்ந்து நடத்தி ஒரு அவுன்ஸ் எடுக்க ஆகும் செலவு, 2013-இல் உலகத் தங்கக் கவுன்சில் கொண்டுவந்த கணக்கு, பழையதைவிட நேர்மையானது. ஆனால் வரி, வட்டி, புதிதாகச் சுரங்கம் கட்டும் செலவு அதில் சேராது. அதைக் கழிக்காமல் லாபம் என்று நம்பாதே.

உன் கம்பெனிக்கு லாபம், செலவு என்ற பேச்சே இன்னும் வரவில்லை. வருமானமே கிடையாது. கையில் எட்டு மாதத்துக்குத்தான் பணம். அது தீர்ந்தால் புதுப் பங்கு அச்சடித்து விற்பார்கள். ஏற்கெனவே 22 கோடி பங்கு, அதன் மேல் 9 கோடி வாரண்ட் (பிறகு குறித்த விலைக்குப் புதுப் பங்கு வாங்கும் உரிமைச் சீட்டு) தொங்குகிறது. தங்கம் கிடைத்தால்கூட உன் பங்கு வருஷா வருஷம் தேய்ந்துகொண்டே போகும்.

வெள்ளியைப் பற்றியும் கேட்டாய். பூமியிலிருந்து வரும் வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கும்போது கூடவே வருவது. நம் ராஜஸ்தானில் இந்துஸ்தான் ஜிங்க் எடுப்பதும் அப்படித்தான். வெள்ளிக் கம்பெனி என்று நினைத்து வாங்கினால் துத்தநாகத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறாய்.

ஆசை விடவில்லை என்றால் இப்படிச் செய். வீட்டுக்கு முன்பணமாக வைத்திருக்கும் 30,000 டாலரைத் தொடாதே. அது மாப்பிள்ளையின் இரவு ஷிஃப்ட் பணம். வேறு சேமிப்பிலிருந்து, போனாலும் தூக்கம் கெடாத அளவுக்கு எடுத்து, பல பெரிய உற்பத்தியாளர்கள் சேர்ந்த நிதியிலோ, ராயல்டி கம்பெனியிலோ போடு. ராயல்டிக்காரர்கள் தோண்டுவதில்லை. சுரங்கத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு விளைச்சலில் ஒரு பங்கு வாங்கிக்கொள்வார்கள். டீசல் ஏறினாலும் கூலி ஏறினாலும் அவர்களுக்கு அவ்வளவாக வலிக்காது. ஃபிராங்கோ-நெவாடா 1986-இல் நெவாடாவில் கோல்ட்ஸ்ட்ரைக் ராயல்டியை வாங்கி வளர்ந்தது அந்த வழியில்தான். அதற்கும் அடி விழுந்தது உண்டு. 2023 நவம்பரில் பனாமா உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல, அவர்கள் பணம் போட்டிருந்த செம்புச் சுரங்கமே மூடிக்கொண்டது. பாறை நன்றாக இருந்தும் நாட்டின் சட்டம் குறுக்கே நின்றால் இப்படி ஆகும், அதனால் எந்த நாடு என்றும் பார்.

கோபப்படாதே கண்ணு. நான் உன்னைத் தடுப்பதற்காக எழுதவில்லை. அந்தக் கம்பெனிக்கு நீயே ஒரு மெயில் போடு. அந்த 240 கிராம் வந்த மீட்டரின் மறு பாதி எந்தப் பெட்டியில் இருக்கிறது, வேறு லேபில் சோதித்தார்களா, நடுநடுவே வெறும் கல் அனுப்பினார்களா என்று கேள். பதில் வந்தால் 11-ஆம் பகுதியோடு சேர்த்து எனக்கு அனுப்பு, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

குழந்தைக்குக் காது குத்த அம்மா கம்மல் எடுத்து வைத்திருக்கிறாள். அரைப் பவுன் கனமாக இருக்குமா, கால் பவுனில் மாற்றிவிடட்டுமா என்று கேட்கச் சொன்னாள். அதற்கும் பதில் போடு.

அன்புடன்,
அப்பா