சிக்னல் இல்லாத இடத்தில் ஒரு டேட்டாபேஸ்

அன்புள்ள சேகர்,

உன் நீண்ட மெயில் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே பெரியவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவிக்கு ஓய்வு. மற்றபடி எல்லோரும் நலம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கோத்தகிரியில் தேயிலை எடை போடும் இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை, அதனால் பதிவுகளை பிரவுசரிலேயே வைத்திருந்து பிறகு சர்வருக்கு அனுப்பலாம் என்கிறாய். நல்ல யோசனைதான். ஆனால் எல்லாவற்றையும் பிரவுசரின் சின்னச் சேமிப்புப் பெட்டியான லோக்கல் ஸ்டோரேஜில் ஒரே ஜேசனாக, அதாவது ஒரே நீள எழுத்துத் தொகுப்பாக, வைத்திருக்கிறாயே, அதை முதலில் மாற்று. அங்கே இடம் சுமார் 5 எம்பிதான். எழுதி முடியும்வரை பக்கம் அசையாது. ஒரு எடையைச் சேர்க்க மொத்த மூட்டையையும் பிரித்துக் கட்டுகிறாய். இரண்டு டேப் திறந்திருந்தால் ஒன்று எழுதியதன் மேல் இன்னொன்று எழுதிவிடும்.

டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் எழுதிப் பழகிய உனக்கு, அதையே பிரவுசருக்குள் தந்த வெப் எஸ்க்யூஎல் மேல் ஆசை வருவது புரிகிறது. அது போய்விட்டது. அதைச் சேர்த்த எல்லா பிரவுசரும் எஸ்க்யூலைட் என்ற ஒரே டேட்டாபேஸ் மென்பொருளை உள்ளே வைத்திருந்ததால், தனித்தனியாகச் செய்து பார்க்காததைத் தரமாக்க முடியாது என்று 2010 நவம்பரில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு கைவிட்டது. ஃபயர்பாக்ஸ் அதைச் சேர்க்கவே இல்லை. குரோம் 2024-ல் நீக்கிவிட்டது. எஸ்க்யூலைட்டே 2022 இறுதியிலிருந்து பிரவுசருக்குள் ஓடும் வெப் அசெம்ப்ளி வடிவம் தருகிறது, நன்றாகவும் ஓடுகிறது. ஆனால் எடைச் சீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

உனக்கு பிரவுசரிலேயே இருக்கும் டேட்டாபேஸான இன்டெக்ஸ்டு டிபி போதும். அதன் ஏபிஐ, அதாவது அதை அழைக்கும் கட்டளைகள், பார்க்கச் சகிக்காது, அதை எளிதாக்கும் டெக்சி மாதிரி ஒரு லைப்ரரியைப் போட்டுக்கொள். அப்படியும் சில இடங்களில் இடறும். டிரான்சாக்ஷன் (ஒன்றாகச் சேர்ந்து முடிய வேண்டிய எழுத்து வேலை) நடுவில் சர்வரிடம் ஃபெட்ச் போட்டுத் தகவல் கேட்டுக் காத்திருந்தால் அது தானாக முடிந்துபோகும், அடுத்த வரி எரர் தரும். ஆம், இல்லை என்று சொல்லும் ட்ரூ, ஃபால்ஸை இன்டெக்ஸ் (தேடும் அட்டவணை) செய்ய முடியாது. எரர்கூட வராது, அந்தப் பதிவுகள் இன்டெக்ஸில் சேராமலே போகும், அவ்வளவுதான். ‘அனுப்பியாச்சா’ என்ற புலத்துக்கு 0, 1 என்று வை. பழைய டேப் ஒன்று திறந்தே கிடந்தால் டேட்டாபேஸின் புதிய வெர்ஷன் காத்து நிற்கும், அதனால் வெர்ஷன்சேஞ்ச் என்ற அறிவிப்பு வந்ததும் இணைப்பை மூடச் சொல்லி எழுதிவிடு.

இதெல்லாம் சின்ன விஷயம். எந்த டேட்டாபேஸ் என்று கேட்டாயே தவிர, பிரவுசர் அதை அழித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை. அழிக்கும், சேகர். போனில் இடம் குறைந்தால் வெகுநாள் தொடாத தளத்தின் சேமிப்பை மொத்தமாகத் துடைக்கும். கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் விட்டுவைக்கும் பழக்கமெல்லாம் கிடையாது. சஃபாரி 2020-ல் இன்னும் கடுமையாகிவிட்டது: பயன்படுத்தும் நாட்களில் ஏழு நாள் உன் தளத்தைத் தொடாவிட்டால் ஸ்கிரிப்ட் எழுதிவைத்ததெல்லாம் போய்விடும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்த ஆப்புக்கு இந்த விதி இல்லை என்பதால், எடை போடுகிறவர்களில் ஐபோன் வைத்திருக்கும் ஏஜென்ட்டை முதல் நாளே சேர்க்க வைத்துவிடு. நிரந்தரச் சேமிப்புக்கு நேவிகேட்டர் ஸ்டோரேஜ் பெர்சிஸ்ட் என்று கேட்கலாம். ஃபயர்பாக்ஸ் பயனரிடம் அனுமதி கேட்கும், குரோம் தானே முடிவெடுக்கும். கிடைத்தாலும் பயனர் ‘கிளியர் டேட்டா’ அமுக்குவதை யார் தடுப்பது?

அதனால் சர்வர் ‘வந்தது’ என்று சொல்லும்வரை அந்தப் பதிவு பத்திரமாக இருப்பதாக நினைக்காதே. ஒவ்வொரு எடைக்கும் போனிலேயே ஒரு யூயூஐடி, அதாவது வேறெதற்கும் வராத தனி அடையாள எண், கொடு. அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் பேசாமல் விட்டுவிடட்டும். அப்போது எத்தனை தடவை அனுப்பினாலும் கணக்கு இரட்டிக்காது. இலை ஈரத்துக்காக எடையில் கழித்தது தவறென்றால் பழைய வரியை மாற்றாதே, கடை நோட்டில் எழுதுகிற மாதிரி கீழே ஒரு திருத்த வரி போடு. நெட் வந்ததும் பின்னணியில் தானாக அனுப்பும் பேக்ரவுண்ட் சிங்க் குரோம் வகையறாவில்தான் உண்டு, அதை நம்பாமல் ஆப் திறக்கும்போதெல்லாம் அனுப்பிப் பார். நெட் இருக்கிறதா என்று பிரவுசர் சொல்லும் நேவிகேட்டர் ஆன்லைன் ‘ட்ரூ’ என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, வைஃபை பிடித்திருந்தால் நெட் இல்லாமலே அப்படிச் சொல்லும். இன்னும் அனுப்பாத பதிவுகள் எத்தனை என்று திரையில் பெரிய எழுத்தில் காட்டு. ஏஜென்ட்டுகள் அதைப் பார்த்தால் டவுனுக்குப் போனதும் அவர்களே ஆப்பைத் திறப்பார்கள்.

அப்புறம், விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்ணைப் போனில் வைக்காதே. ஒரே போனைப் பலர் கையில் எடுக்கிறார்கள், உள்ளே இருப்பது பூட்டில்லாத பெட்டி. எடை போடப் பெயரும் உறுப்பினர் எண்ணும் போதுமே?

டேபிள் அமைப்பை அனுப்பு. ஏஜென்ட்டுகள் எந்தெந்தப் போன் வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டு எழுது. பழைய ஆண்ட்ராய்டு நிறைய இருந்தால் சில விஷயங்களை வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
முரளி