டர்போவின் விலையோடு கணக்கு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

எஞ்சின் புகையின் விசையில் சுழன்று கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவை, பழைய பெட்ரோல் காரில் குறைந்த செலவில் பொருத்துவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோவை கணபதியில், தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து சரிசெய்யும் எஞ்சின் ரீபோரிங் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வந்துவிட்டார். உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய டீசல் கார் டர்போவும் அவர் கையில் இருந்தது.

டீசல் எஞ்சினின் புகை வெப்பம் 800 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். பெட்ரோல் எஞ்சினை விரட்டி ஓட்டினால் அது 900 டிகிரியைத் தாண்டிவிடும். டீசலுக்கென்று வார்த்த டர்பைன் கூடு (டர்போவில் புகை பாயும் பகுதி) அந்தச் சூட்டில் விரிசல் விடும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அந்த ஆயில் தீய்ந்து கரியானால் தண்டு இறுகிப்போகும். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது பெட்ரோல். டர்போ தரும் அழுத்தம் 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) என்று எழுதியிருந்தீர்கள். காற்று மண்டலத்தின் அழுத்தமே 14.7 பிஎஸ்ஐதான். அப்படியானால் 40 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் காற்று உள்ளே போகிறது. அதற்கு ஈடான பெட்ரோலைத் தர பெட்ரோலைப் பீய்ச்சும் பழைய இன்ஜெக்டர்களால் பெரும்பாலும் முடியாது. கலவை மெலியும், அது கண்டபடி வெடித்து எஞ்சின் தட்டும், பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். அப்படி உடைந்த பிஸ்டன்கள் என் மேசையில் இப்போதும் கிடக்கின்றன. பெரிய இன்ஜெக்டர், தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி இசியு (எஞ்சினை இயக்கும் கணினி) ட்யூனிங், காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர், ஆயில் திரும்பி வர சம்ப்பில் (எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) துளையிட்டு வெல்டிங், தாங்கக்கூடிய க்ளட்ச் என்று எல்லாவற்றையும் கூட்டினால் டர்போ வாங்கிய காசு சில்லறைதான்.

டர்போவைப் போலவே காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜர், எஞ்சின் பெல்ட்டில் ஓடுவதால் புகைச் சூட்டுத் தொல்லை இல்லை. ஆனால் அது எஞ்சினின் சக்தியிலிருந்தே தன் பங்கை எடுத்துக்கொள்ளும்; பெட்ரோல் கணக்கும் மாறாது. இணையத்தில் விற்கும் 12 வோல்ட் ‘மின்சார டர்போ’வையோ தொடவே வேண்டாம். 1.2 லிட்டர் எஞ்சினுக்கு முழு வேகத்தில் அந்த 6 பிஎஸ்ஐயைத் தர மூன்று கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட்டில் அது 250 ஆம்பியருக்கும் அதிகம். சின்னக் காரில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் நூறு ஆம்பியர்கூடத் தராது.

சட்டத்தையும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் வழக்காட வேண்டிவரும்.

வேகத்தின் மேல் பிள்ளைகளுக்கு உள்ள ஆசையை நான் குறை சொல்லவில்லை. இந்தக் கோவையில்தான் பந்தய வீரர் கரிவர்தன், டர்போ இல்லாத சாதாரண மாருதி 800 எஞ்சினை எடை குறைந்த சட்டகத்தில் ஏற்றி ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். அந்த மாணவரிடம் நான் சொன்னதும் அதுதான்: முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று) பார்ப்போம், நல்ல டயரும் பிரேக்கும் போடுவோம், செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டக் கற்றுக்கொள். டர்போதான் வேண்டுமென்றால், கம்பெனியிலேயே டர்போவோடு வந்த பழைய காரைத் தேடு. செலவும் குறையும், ஆர்சி புத்தகத்திலும் வில்லங்கம் இராது. அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

கட்டுரையை நம்பி வேறு சிலரும் இந்நேரம் டர்போ வாங்கியிருப்பார்கள். டீசல் டர்போவைப் பெட்ரோல் எஞ்சினில் மாட்ட வேண்டாம் என்பதையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரீபோரிங் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.